ருகர் செக்யூரிட்டி-9: கட்டைவிரல் தேய்ந்தவளின் பிஸ்டல் விமர்சனம்

300 டாலர் சொச்சத்தில் கிடைக்கும் பிஸ்டல்களில் ருகர் செக்யூரிட்டி-9 அழகானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிரிகரும் சுமார்தான். ஆனால் அதன் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, என்னால் இழுக்க முடிகிறது. அதற்காகத்தான் வாங்கினேன். வருஷம் ஒன்று தாண்டியும் அந்தக் காரணம் அப்படியேதான் இருக்கிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், இப்போது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வீடு. நாள் முழுக்க அடுத்தவர் தோளையும் இடுப்பையும் அழுத்திவிட்டே என் வலதுகைக் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. எங்கள் தொழிலில் இது சகஜம். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கவே பையனைக் கூப்பிட வேண்டியிருக்கும். வீட்டுக்காரருக்கு மிட்லண்டில் எண்ணெய் வயல் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. அவர் இல்லாத இரவுகளில் வீட்டில் நானும் ஒன்பது வயதுப் பையனும் மட்டும்.

பிஸ்டல் வாங்கினேன் என்றதும் எல்லோரும் கேட்டது, "நகைக்காகவா?" இந்தியக் குடும்பங்களில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே குறிவைக்கும் திருட்டுக் கும்பல்கள் இங்கே உண்டு. பல மாநிலங்களில் போலீஸே எச்சரித்திருக்கிறது. ஆனால் அந்தக் கும்பல்கள் பெரும்பாலும் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருகின்றன. ஆளே இல்லாத வீட்டில் பிஸ்டல் என்ன செய்யும்? அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான். நகைக்கு பேங்க் லாக்கர் போதும். எனக்கு வேண்டியிருந்தது ராத்திரி நான் உள்ளே இருக்கும்போது யாராவது கதவை உடைத்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பதில். அந்த பதிலிலும் பிஸ்டல் கடைசி வரிசையில்தான் இருக்கிறது. முதலில் கதவுச் சட்டத்துக்கு நீளமான ஸ்க்ரூ போட்டேன். அப்புறம் வாசல் விளக்கு. அப்புறம் பையனும் நானும் ஒரே அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு 911 அடிக்க ஒரு ஏற்பாடு. அந்த அறைக் கதவையும் தாண்டி ஒருத்தன் வந்தால்தான் பிஸ்டல்.

வாங்குவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனாலே யாராவது ஓரமாக நிறுத்தி இதைத்தான் கேட்கிறார்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. இது மத்தியச் சட்டம். டெக்சாஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதில் பேச்சே இல்லை. "சும்மா ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) போய் வாடகைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தேன்" என்பதும் அவர்களுக்கு இதே சட்டத்துக்குள்தான் வரும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவிடம் போட்டோவுக்காகக்கூடக் கையில் கொடுக்காதீர்கள். "எனக்காக உங்கள் பேரில் வாங்கிக் கொடுங்களேன்" என்று ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டார். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் கேட்பதே "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்பதுதான். அதில் பொய் சொன்னால் ஜெயில். நானும் சிரித்துக்கொண்டே முடியாது என்றேன்.

கிரீன் கார்டுக்காரர்கள் படிவத்தில் கார்டிலுள்ள ஏலியன் நம்பரையும் எழுத வேண்டும். கடைக்காரர் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைக்குத் தகவல் அனுப்புவார். 'போகலாம்', 'தாமதம்', 'மறுப்பு' என்று மூன்றில் ஒரு பதில் வரும். எனக்குக் காப்பி குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. ஊரில் பெரியப்பா வயலுக்கு வரும் காட்டுப்பன்றிக்காக ஒரு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து வாங்கிய லைசென்ஸ். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் கோணியில் சுற்றி ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வருவார். அவரிடம் இந்தக் காப்பிக் கதையைச் சொன்னபோது வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. இதே அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்காரர்கள் கைத்துப்பாக்கி வாங்கவே போலீஸ் பெர்மிட் எடுக்க வேண்டும், மேகசினும் (தோட்டாவை அடுக்கிப் பிடிக்குள் செருகும் கூடு) 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. அங்கே எடிசனில் இருப்பவர்கள் நான் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, பொருளுக்கு வருவோம்.

ருகர் இதை வெளியிட்டது 2017 கடைசியில், அறிவித்த விலை 379 டாலர். கடைகளில் அதைவிடக் குறைத்தே போடுகிறார்கள். 9 மில்லிமீட்டர் தோட்டா, 4 அங்குலக் குழல், மேகசினில் 15. காலியாக 670 கிராம் சுமார். தோட்டா நிரப்பினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. பிடியும் சட்டமும் கண்ணாடி இழை கலந்த நைலான், மேலே ஸ்லைடு எஃகு. 'செமி ஆட்டோமேட்டிக்' என்றதும் படபடவென்று பொழியும் என்று எங்கள் அம்மா நினைத்தாள். டிரிகரை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா, அவ்வளவுதான். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிறது என்பதால்தான் அந்தப் பெயர்.

முதல் தோட்டாவை மட்டும் நாம்தான் ஏற்ற வேண்டும். ஸ்லைடைப் பின்னால் முழுக்க இழுத்து விட வேண்டும். பெண்கள், வயதானவர்கள், மூட்டுவாதக்காரர்கள் தோற்கும் இடம் இதுதான். கடையில் முதலில் எல்லோரும் புகழும் கிளாக் 19ஐக் கையில் கொடுத்தார்கள். நல்ல பிஸ்டல், விலையும் 500 டாலருக்கு மேல். ஸ்லைடைப் பாதி இழுப்பதற்குள் கட்டைவிரல் மூட்டில் ஊசி குத்தியது போல வலி. கவுண்டரில் இருந்தவர் உடனே "லேடீஸுக்கு ரிவால்வர்தான் சரி" என்று ஒரு குட்டி ரிவால்வரை நீட்டினார். அந்த ரிவால்வரின் டிரிகரை இழுப்பது இன்னும் கஷ்டம். அது போகட்டும், சின்ன எடையில், சுட்டதும் பின்னால் அடிக்கும் அவ்வளவு உதையை மணிக்கட்டில் வாங்கச் சொல்வது என்ன யோசனையோ.

செக்யூரிட்டி-9இன் வித்தியாசம் உள்ளே இருக்கிறது. கிளாக் வகையில் தோட்டாவை அடிக்க ஸ்பிரிங்கில் பாயும் ஸ்டிரைக்கர் என்ற ஊசி, இதில் வெளியே தெரியாமல் ஒரு சின்னச் சுத்தியல். ஸ்லைடு பின்னால் போகும்போது அந்தச் சுத்தியலையும் மடக்க வேண்டியிருப்பதால், ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் அவ்வளவு முரடாக இருக்க வேண்டியதில்லை. கைக்கு அது நன்றாகவே தெரிகிறது. ஸ்லைடில் முன்னும் பின்னும் பிடிமானத்துக்கு வரிவெட்டு உண்டு.

பிஸ்டல் எதுவானாலும் இழுக்கும் முறை முக்கியம். இதை மட்டும் என் தொழில் பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஸ்லைடின் பின்பகுதியைக் கிள்ளிப் பிடித்து இழுக்கிறார்கள். அந்தக் கிள்ளலில் மொத்தப் பாரமும் கட்டைவிரல் அடிமூட்டில் விழும். அதற்குப் பதிலாக உள்ளங்கை ஸ்லைடின் மேல் கவிந்து படியும்படி வைத்து, நான்கு விரல் ஒரு பக்கம், உள்ளங்கையின் அடிமேடு மறுபக்கம் என்று இறுக்குங்கள். பிஸ்டலை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஸ்லைடை இழுக்காதீர்கள். ஸ்லைடைப் பிடித்த கையை நிறுத்தி வைத்துவிட்டு, பிடியைப் பிடித்திருக்கும் கையால் முன்னால் தள்ளுங்கள். தள்ளும் வேலையை நெஞ்சுத் தசையும் தோளும் எடுத்துக்கொள்ளும், விரல் பிழைத்துக்கொள்ளும். ஒன்றே ஒன்று: நெஞ்சருகே கொண்டுவரும்போது குழல் தானாகப் பக்கத்து ஆளின் பக்கம் திரும்பும். குழல் இலக்கையே பார்க்க, உடம்பைத்தான் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். டிரிகர் பக்கம் விரலே போகக் கூடாது. என்னிடம் வரும் அறுபது வயதுப் பாட்டிமார் சிலருக்கு இதைக் கிளினிக்கில் ரப்பர் பட்டையை வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். டெக்சாஸ் பாட்டிகள் வெட்கப்படாமல் கேட்பார்கள்.

சுடுவதற்கு எப்படி? ஏழு கஜத்தில், அதாவது எங்கள் ஹால் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, ஒரு தோசைத் தட்டு அகலத்துக்குள் எல்லாத் தோட்டாவையும் விழ வைக்க என்னால் முடிகிறது. அதற்குமேல் துல்லியம் எனக்குத் தேவையும் இல்லை. டிரிகர் நீளமாகப் போகிறது. கொஞ்ச தூரம் லேசாக, அப்புறம் ஒரு சுவர், அப்புறம் 'டப்'. போட்டியில் சுடுபவர்கள் இதைத் திட்டுவார்கள். பயந்த கையோடு நடு ராத்திரியில் எடுப்பவளுக்கு டிரிகர் சட்டென்று விழாமல் இருப்பதே நல்லது. குறிபார்க்க இருப்பது சாதாரண வெள்ளைக் குறிதான். பகலில் போதும், இருட்டில் ஒன்றும் தெரியாது. சேஃப்டி நெம்புகோல் இடப்பக்கம் மட்டும்தான், அதுவும் சின்னது. இடதுகைக்காரர்கள் வாங்குமுன் யோசியுங்கள். சேஃப்டியே வேண்டாம், இருட்டில் ஒளிரும் குறி வேண்டும் என்பவர்களுக்கு 'ப்ரோ' என்று ஒரு வகை இருக்கிறது, விலை கூடும். மேகசினில் கடைசி சில தோட்டாக்களை அழுத்துவது மறுபடியும் கட்டைவிரலுக்கு வேலை. சில டாலருக்கு பிளாஸ்டிக் லோடர் விற்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

உள்ளரங்க ரேஞ்ச் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: முதல் அடி காதில்தான் விழும். காதுக்குள் பஞ்சு பிளக், அதன்மேல் காதை முழுக்க மூடும் மஃப், இரண்டும் வேண்டும். கழுத்து மூடிய சட்டை போட்டுப் போங்கள். வலப்பக்கம் தெறிக்கும் காலித் தோட்டாக்கூடு அடுப்பிலிருந்து எடுத்த மாதிரிச் சுடும். எனக்கு ஒன்று தடுப்பில் பட்டுத் திரும்பி சட்டைக் கழுத்து வழியாக உள்ளே போய்த் தாலிச் சங்கிலியில் சிக்கிக்கொண்டது. துள்ளிக் குதிக்கத்தான் உடம்பு சொல்கிறது. பயிற்சி கொடுத்த அம்மா, எழுபதை நெருங்கியவர், பின்னாலிருந்து ஒரே அதட்டல்: "முன்னால் பார்! துப்பாக்கியைக் கீழே வை! அப்புறம் குதி!" அதே வரிசையில்தான் செய்தேன். நெஞ்சில் ஒரு பிறைத் தழும்பு மிச்சம். அடுத்த முறையிலிருந்து சங்கிலியைச் சட்டைக்கு உள்ளே போட்டு மேல் பட்டன்வரை மாட்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று, நம்மவர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. ரேஞ்சில் காற்றிலும் கையிலும் ஈயத் துகள் இருக்கும். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். ரேஞ்சிலிருந்து வந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் பையனைத் தூக்க வேண்டும், சோற்றில் கை வைக்க வேண்டும். ஈயத்துக்கென்றே தனி சோப்பு விற்கிறது. ரேஞ்சுக்குப் போட்ட செருப்பு கராஜிலேயே கிடக்கட்டும்.

பயிற்சிக்கு முழு உலோகக் கவசம் போட்ட சாதாரணத் தோட்டா, 50 கொண்ட பெட்டி 15 டாலரை ஒட்டி இருக்கும். கொரோனாக் காலத்தில் இதே தோட்டா ஒன்று ஒரு டாலர்வரை போனது. வீட்டில் வைப்பதற்கு நுனி குழிந்த ஹாலோ பாயிண்ட். உடம்பில் பட்டால் விரிந்து நின்றுவிடும், தாண்டிப் போவது குறைவு. ஆனால் அதை நம்பிச் சுவரை மறந்துவிடாதீர்கள். அமெரிக்க வீட்டு உள்சுவர் என்பது அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் வெற்றிடம், மறுபடி ஒரு பலகை. அந்தப் பலகை மாவு தோட்டா நுனிக் குழியை அடைத்துவிட்டால் ஹாலோ பாயிண்டும் விரியாமல் அறை அறையாகத் தாண்டிப் போகும். எங்கள் வீட்டில் பையன் அறை படிக்கட்டுக்கு இடப்பக்கம். அதனால்தான் அவனை முதலில் என் அறைக்குக் கொண்டுவந்துவிட்டு, கதவைப் பூட்டி, கட்டிலுக்குப் பின்னால் இருந்து கதவை மட்டும் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். துப்பாக்கியோடு வீடு முழுக்கத் தேடிக்கொண்டு நடப்பது சினிமாவுக்குச் சரி. பிஸ்டலின் முன்னால், குழலுக்குக் கீழே, விளக்கு மாட்ட ஒரு வரிப்பள்ளம் இருக்கிறது, நான் மாட்டவில்லை. அந்த விளக்கை யார் மேல் அடிக்கிறோமோ அவர் மேல் குழலும் நிற்கும். தண்ணி குடிக்க எழுந்த என் வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். தனியாக ஒரு டார்ச் போதும்.

இனி பெட்டி. பிஸ்டலோடு ஒரு கேபிள் பூட்டு தருவார்கள். பகலில் எடுத்து வைக்க அது போதும், ராத்திரிக்கு உதவாது. கைரேகைப் பெட்டி ஒன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். கிளினிக்கில் எண்ணெயும் லோஷனும் தேய்த்துத் தேய்த்து என் ரேகை மங்கியிருக்கிறது. எனக்குத் திறக்க அடம்பிடித்த பெட்டி, பதிவே செய்யாத என் வீட்டுக்காரர் விரலுக்கு ஒருநாள் திறந்துகொண்டது. திருப்பிக் கொடுத்தேன். 2023 அக்டோபரில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், 60,000க்கு மேற்பட்ட கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததைப் படித்த பிறகு, செய்தது சரி என்று பட்டது. 12 வயதுப் பையன் ஒருவன் இறந்த வழக்கும் அதில் பேசப்பட்டது. இப்போது இருப்பது பட்டனை அழுத்தும் மெக்கானிக்கல் பெட்டி. பேட்டரி கிடையாது, இருட்டில் விரலே எண்ணைக் கண்டுபிடிக்கும். கட்டிலோடு போல்ட் போட்டிருக்கிறது. பிஸ்டலில் பாதிக்கும் மேல் விலை. டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் தோட்டா போட்ட துப்பாக்கி சிக்கும்படி விட்டாலே குற்றம், கடையிலேயே அந்த எச்சரிக்கை தொங்குகிறது.

ஆறு மாதம் வந்து தங்கிய அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, புள்ள இருக்க வீட்டுல இது எதுக்கு?" என்றாள். என்னிடம் அதற்கு முழுப் பதில் இல்லை. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலம் என்றால் எந்தப் பிஸ்டலும் வேண்டாம், இருப்பதையும் வெளியே கொடுத்து வையுங்கள். மருத்துவத் துறையில் இருக்கிறவளாக இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

பராமரிப்பு சுலபம். மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒரு பின்னை நெம்பி எடுத்தால் ஸ்லைடு தனியாக வந்துவிடும். கழற்றுவதற்காக டிரிகரை இழுக்க வேண்டியதில்லை. சில பிஸ்டல்களில் இழுத்தாக வேண்டும், தோட்டா இருப்பதை மறந்து இழுத்தவர்கள் கதை ஏராளம். தொந்தரவு அந்தப் பின்தான். முழுதாக வெளியே வந்துவிடும், கார்பெட்டில் விழுந்தால் தேட வேண்டும். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

இதைவிட மென்மையான ஸ்லைடு வேண்டுமென்றால் ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஸி இருக்கிறது, ஆனால் மேகசினில் 8 தான், விலையும் அதிகம். ருகரிலேயே செக்யூரிட்டி-380 என்று ஒன்று உண்டு. தோட்டா சிறியது, உதையும் குறைவு, ஸ்லைடு இன்னும் லேசு. தோட்டா விலைதான் 9 மில்லிமீட்டரைவிடக் கூட, பயிற்சிச் செலவு ஏறும். கை நன்றாக இருக்கிறவர்கள், காசும் இருக்கிறவர்கள் கிளாக்கே வாங்கலாம், டிரிகரும் உதிரிப்பாகமும் அதில் மேல்.

பட்ஜெட் போடுகிறவர்கள் பிஸ்டல் விலையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்: பெட்டி, காது மஃப், கண்ணாடி, ஒரு வகுப்பு, முதல் மாதத் தோட்டா எல்லாம் அதற்குள்தான். பழையது வாங்குவதாக இருந்தால் இரண்டு மேகசினும் இருக்கிறதா, அந்தக் கழற்றும் பின் தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், கடையில் ஸ்லைடை நீங்களே இழுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். உடன் வந்த வீட்டுக்காரர் இழுத்துக் காட்டுவது கணக்கில் வராது.